வெர்னா மீபஸின் ஒரே கோல்

வெர்னா மீபஸ் விளையாடியது ஒரே ஒரு ஆட்டம். போட்டது ஒரே ஒரு கோல். அந்த ஆட்டத்தில் அவருடைய அணி தோற்றது. வாரபின் மைதானத்துக் கூடத்தின் சுவரில் படமாகத் தொங்குகிறவர்களில் இவ்வளவு குறைவாக விளையாடியவர் வேறு யாருமில்லை. போன மாதம் அந்தப் படத்தை மாட்டும்போது இரண்டு ஆணிகள் வளைந்துபோயின. மூன்றாவதை அடித்தவர் கிளப் தலைவர் கிரேம் ஹாலம்.

"உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான்," என்றார்.

துக்கத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேருக்குக் காது கேட்காது.

வெர்னா முப்பது வருடத்துக்கு மேல் பள்ளி பஸ் ஓட்டினார். பஸ் அவருக்கே சொந்தம். காலையில் கூல்பாவிலிருந்து கிளம்பி, கோதுமை வயல்களுக்கு நடுவே ஒவ்வொரு பண்ணை வாசலிலும் நின்று, பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து வாரபின் பள்ளியில் இறக்குவார். வாசலில் பிள்ளை நிற்கவில்லை என்றால் நீளமாக ஒரு ஹாரன். அதற்குள் வந்துவிட வேண்டும். இரண்டாவது ஹாரன் என்று ஒன்று கிடையாது. ஒரு கையில் ஷூவும் மறு கையில் ரொட்டியுமாகப் பிள்ளைகள் புழுதியில் ஓடி வருவதை அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. கதவை மட்டும் கொஞ்சம் மெதுவாக மூடுவார்.

இதனால் ஒன்று நடந்தது. இந்தப் பக்கம் வளர்ந்த யாருக்கும், அவர்களுக்கு எத்தனை வயதானாலும், அந்த ஹாரன் சத்தம் கேட்டால் கை தானாகப் பையைத் தேடும். நான் வெளியூரிலிருந்து ஆசிரியையாக வந்தவள். இரண்டு வருடத்தில் எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு கல்யாண விருந்தின்போது வெளியே அந்த ஹாரன் கேட்டது. மணப்பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

குளிர்காலத்தில் சனிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் ஃபுட்டி, அதாவது எங்கள் வகைக் கால்பந்து. ஆண்கள் பெரிய மைதானத்தில் ஃபுட்டி ஆடுவார்கள். பெண்கள் பக்கத்துத் தார்த் தளத்தில், வளையத்துக்குள் பந்து போடும் நெட்பால் ஆடுவார்கள். நெட்பால் ஆடாத பெண்கள் சிற்றுண்டிக் கூடத்தில் இறைச்சி அடைத்த மீட் பை சூடாக்குவார்கள். ஃபுட்டி மைதானம் முட்டை வடிவம். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கு இடையே பந்தை உதைத்தால் கோல், ஆறு புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் ஒரு புள்ளி. குறி தப்பியவனுக்கும் ஏதோ ஒன்று கொடுத்தனுப்புகிற ஆட்டம். இதைப் பெருந்தன்மை என்று இங்கே யாரும் நினைப்பதில்லை. நியாயம் என்றுதான் நினைக்கிறார்கள்.

கோல் விழுந்தால், மைதானத்தைச் சுற்றி மூக்கை உள்ளே நீட்டி நிற்கும் கார்கள் எல்லாம் ஹாரன் அடிக்கும். இங்கே கைதட்டல் அதுதான். மழையில் நனையாமல், மடியில் இருக்கும் தேநீர் சிந்தாமல் தட்டலாம்.

வெர்னாவின் கணவர் லயல், தன் வண்டியைத் தென்முனைக் கம்பங்களுக்குப் பின்னால், யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்துவார். கல்யாணத்துக்கு முன்பிருந்து அதே இடம். அவர் ஹாரனுக்கு ஒரு பாணி உண்டு. ஒரு நீளம், கடைசியில் வால் மாதிரி குட்டியாக ஒன்று. வெர்னா இருபது குளிர்காலம் சிற்றுண்டிக் கூடத்தில் மீட் பை விற்றார். அங்குள்ள ஜன்னல் கழிப்பறையைப் பார்த்து இருந்தது. ஆகவே அவர் ஃபுட்டியைப் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறார்.

"லயல் அடிச்சாச்சு. நாம ஒரு கோல்," என்று சொல்லிக்கொண்டே தக்காளி சாஸ் ஊற்றுவார்.

*

எங்கள் ஊர்ப் பெண்களும் ஃபுட்டி ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள், பன்னிரண்டு வயது வரை. அதற்குப் பிறகு நெட்பால் என்பது பருவமழைபோல் ஓர் இயற்கை ஏற்பாடு. பஸ் நிறுத்தத்தில் மட்டும் பெரிய பெண்கள் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். பள்ளியின் கடைசி வருடத்தில் ஷெல்பி ரோவ் என்கிற பெண் ஒருநாள் பஸ்ஸில் ஏறியதும் கேட்டாள்:

"மிசஸ் மீபஸ், நாங்கல்லாம் எங்க போய் ஆடறது?"

வெர்னா பஸ்ஸைக் கிளப்பினார். இரண்டு பண்ணை வாசல்கள் போயின. மூன்றாவதில் பிரேக் போட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை," என்றார்.

ஷெல்பி நர்ஸ் படிப்பு முடித்து ஊர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவதற்குள் வெர்னா நான்கு ஊர்களில் ஆள் சேர்த்துவிட்டார். பஸ் போகும் வழியெல்லாம் அவருக்கு ஒவ்வொரு வீட்டிலும் யாருக்குக் கால் நீளம், யாருக்குக் கோபம் அதிகம் என்று தெரியும். பிறகு கிளப் கமிட்டியிடம் மைதானம் கேட்கப் போனார். கிரேம் ஹாலம் அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"ஞாயித்துக்கிழமை புல்லுக்கு ஓய்வு வேணும் வெர்னா," என்றார் கிரேம்.

"இந்த ஊர்ல ஓய்வு கிடைக்கிறது அது ஒண்ணுக்குத்தான்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

"சிரிக்காத. புல்லு செத்துப்போச்சுன்னா சனிக்கிழமை பசங்க எதுல ஆடுவாங்க?"

"புல்லு செத்து மூணு வருஷமாச்சு கிரேம். மழை இல்ல. இப்ப இருக்கறது அதோட எலும்பு."

கமிட்டி யோசித்தது. மைதானம் கொடுத்தது. சைரன் பெட்டிச் சாவியைக் கொடுக்கவில்லை. நேரம் பார்ப்பவர்கள் உட்காரும் சிறிய கூண்டுக்குள் அந்தப் பெட்டி இருக்கிறது. ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றும் முடிந்ததென்று அறிவிப்பது அந்தச் சைரன்தான். பெண்கள் அழுத்தினால் ஃபியூஸ் போய்விடும் என்றார் கிரேம். ஆண்கள் அழுத்தினால் ஏன் போகாது என்று யாரோ கேட்டார்கள். அவர்களுக்குப் பழக்கம் என்றார்.

"சரி, வச்சுக்கோ," என்றார் வெர்னா. அடுத்த ஞாயிறு பஸ்ஸை எல்லைக்கோட்டின் ஓரமாக நிறுத்தினார். கோழி வடிவத்தில் ஒரு சமையலறை டைமர். அது கிணுகிணுத்தால் பஸ் ஹாரனில் நீளமாக ஒன்று. ஆட்டம் உடனே நிற்கும். உலகத்தில் எந்தச் சைரனுக்கும் வீராங்கனைகள் இவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிந்திருக்க மாட்டார்கள். பந்து காற்றில் இருக்கும்போதே திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஹாரன்தான் சைரன் என்றான பிறகு, சுற்றி நிற்கும் கார்கள் கோலுக்கு ஹாரன் அடிக்க முடியாது. அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். எனவே வெர்னாவே ஓர் அட்டையில் எழுதி வாயிலில் மாட்டினார்: ஞாயிற்றுக்கிழமை ஹாரன் கூடாது.

அதனால் பெண்கள் கோல் போட்டால் ஜனங்கள் கைதட்டினார்கள். குளிருக்குக் கம்பளிக் கையுறை போட்ட கைகள். சத்தமே வராது.

நானும் அணியில் சேர்ந்திருந்தேன். ஷெல்பிதான் எங்கள் கேப்டன். ஒருநாள் ஆட்டம் முடிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே வெடித்தாள். "பசங்க கோல் போட்டா ஊரே அதிருது. நாம போட்டா சாவு வீடு மாதிரி இருக்கு வெர்னா."

"இருக்கறது ஒரு ஹாரன். கோலுக்கு வேணுமா, நேரத்துக்கு வேணுமா?"

"ரெண்டுக்கும்."

"அப்போ சாவி வேணும்," என்றார் வெர்னா. அதன்பிறகு அவருக்கு வேண்டியது என்ன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கோப்பையைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

லயல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருவதில்லை. ஆடுகளைப் பார்க்கணும் என்பார். ஒருநாள் எரிபொருள் போடும் இடத்தில் நான் அவரை மடக்கிக் கேட்டேன்.

"ஆடு எல்லா நாளும்தானே இருக்கு லயல்?"

"டீச்சர், வரணும்னுதான் இருக்கு. அந்தப் பொண்ணுங்க எல்லாம் நல்லாத்தான் ஆடறாங்கன்னு கேள்வி. ஆனா ஹாரன் அடிக்காம ஒரு கோலை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. உடம்புக்கு என்ன ஆகும்னு தெரியல."

*

மூன்றாவது வருடம் ஆகஸ்டில் கிரேம் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். செம்மறி மேய்க்கும் நாய்களுக்குப் போட்டி நடத்தும் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தைக் கேட்கிறதாம்.

"நாய் புல்லைக் கெடுக்காது," என்றார்.

"ஆடு?"

"ஆடு புல்லை வெட்டிவிடும். கமிட்டிக்கு அது செலவு மிச்சம்." கிரேம் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். "வெர்னா, நான் நேரா சொல்றேன். ஃபைனல் முடிஞ்ச வாரம் கமிட்டி ஓட்டு எடுக்கும். உங்க ஞாயிறு லீக்கை எங்க லீக்கோட சேர்க்கறதா, மைதானத்தை நாய்க்குக் கொடுக்கறதான்னு. சேர்த்தா சைரன், நடுவர், எல்லாம் உங்களுக்கும். நான் ஃபைனலுக்கு வந்து உக்காந்து பார்ப்பேன். ஒழுங்கா ஒரு ஆட்டத்தை ஆரம்பிச்சு ஒழுங்கா முடிச்சுக் காட்டுங்க. அதுபோதும்."

"நாய்ங்க போட்டியையும் வந்து பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படி?"

"ரொம்ப ஒழுங்கு," என்றார் கிரேம் வருத்தத்துடன்.

ஃபைனல் செப்டம்பரில், இங்கே குளிர் விடும் நேரம். எங்களுக்கும் கூல்பாவுக்கும். கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. செப்டம்பர் என்றால் மேக்பை பறவைகள் முட்டையிடும் காலமும்கூட. அந்த மாதம் மட்டும் அவை தலைக்கு மேல் பாய்ந்து கொத்தும். எங்கள் அணியில் சரியாகப் பதினான்கு பேர் இருந்தோம். பதினான்குக்கு ஒருவர் குறைந்தாலும் அணி களமிறங்க முடியாது. ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். அன்று காலை எங்கள் பதினான்காவது ஆள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, தேவாலயத்து மூலையில் இருக்கும் மேக்பை அவளைத் துரத்தியது. அவள் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தாள். கழுத்தெலும்பு முறிந்தது. பறவைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஷெல்பியே அவளுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்து சொன்னாள். "பதிமூணு பேர் இருக்கோம்."

கிரேம் தன் காரை நடுக்கோட்டுக்கு நேராக நிறுத்தி, மடியில் துண்டை விரித்து, சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெர்னா அவரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அப்போது வெர்னாவுக்கு ஐம்பத்தாறு வயது.

"பெரிய சைஸ் ஜெர்சி இருக்கா?" என்றார்.

ஆண்கள் அணியின் பழைய முப்பத்தொன்றாம் எண் ஜெர்சி இருந்தது. போட்டுக்கொண்டார். பஸ்ஸை ஓட்டும்போது அணியும் கம்பளி மேல்சட்டையைக் கழற்றவில்லை, அதற்கு மேலேயே. பிறகு லயலுக்குத் தொலைபேசியில் சொன்னார். லயல் வந்தார். ஆடு பார்த்த ஷூவோடு.

"டைமரை இப்படி வை. கோழி கத்தினா நீளமா ஒரு அமுக்கு. அதுக்கு முன்னால கையை மடியில வச்சுக்க."

"ஹாரன் அடிக்க எனக்குச் சொல்லித் தரியா?"

"அடிக்கச் சொல்லித் தரல. அடிக்காம இருக்கச் சொல்லித் தரேன்."

"பார்த்துக்கறேன் போ."

"லயல்."

"பார்த்துக்கறேன்னு சொன்னேன்ல?"

*

வெர்னாவைக் கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே நிறுத்தினோம். ஓட வேண்டாத இடம். அவரைக் காவல் காத்தவள் கூல்பா கேப்டன் டெஸ்ஸா க்ரீவ். அவளும் பத்து வருடம் அந்த பஸ்ஸில் போனவள்.

"மிசஸ் மீபஸ், உங்களத் தள்ளலாமா?"

"ரூல்ல இருக்கா?"

"இருக்கு. தோளால தள்ளலாம்."

"அப்போ தள்ளு. எங்கிட்ட என்ன கேட்டுக்கிட்டு."

டெஸ்ஸா தள்ளினாள். வெர்னா விழுந்தார். டெஸ்ஸா கைகொடுத்துத் தூக்கிவிட்டு, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். மூன்று பகுதிகள் முழுக்க இதுவே நடந்தது. பந்து அந்தப் பக்கம் வராதபோதெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். டெஸ்ஸாவின் அம்மாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை எப்படிப் போயிற்று என்பதை வெர்னா அன்றுதான் முழுதாகக் கேட்டறிந்தார்.

முதல் மூன்று பகுதிகளிலும் கோழி கத்தியது, லயல் ஒழுங்காக நீளமாக ஒன்று அடித்தார், ஆட்டம் நின்றது. கிரேம் இரண்டாவது சாண்ட்விச்சுக்கு வந்திருந்தார். அவர் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

கடைசிப் பகுதியில் கூல்பா முப்பத்தொன்று, நாங்கள் இருபத்தாறு. நான் மறுமுனையில் கோலைக் காப்பவள். அதனால் நடந்ததை நூற்றைம்பது மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தேன். ஷெல்பி அடித்த பந்து கோணலாக எகிறி, கூட்டத்தின் மேல் விழுந்து, யாரோ ஒருத்தியின் முழங்கையில் பட்டு, தரையில் உருண்டு வெர்னாவின் காலடியில் வந்து நின்றது. முட்டை வடிவப் பந்து நிற்கவே நிற்காது. அன்று நின்றது. டெஸ்ஸா தோளைத் தாழ்த்தினாள். வெர்னா பஸ் கதவு சிக்கிக்கொண்டால் உதைப்பது எப்படியோ அப்படி உதைத்தார். பந்து தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக்கூட எழவில்லை. நடுக் கம்பங்களுக்கு இடையே உருண்டு போயிற்று.

கோல் நடுவர் இரண்டு கொடிகளையும் எடுத்து அசைத்தார். முப்பத்திரண்டு, முப்பத்தொன்று.

அப்போது ஹாரன் அடித்தது.

நீளமான ஹாரன். நான் நின்றுவிட்டேன். எல்லோரும் நின்றுவிட்டார்கள். நடுவர், வாரநாட்களில் எங்கள் ஊர் போலீஸ்காரி, இரண்டு கைகளையும் மேலே தூக்கி ஆட்டம் முடிந்தது என்று காட்டினார். கூல்பா பெண்கள் மூன்று பேர் எல்லைக்கோட்டுக்கு ஓடிப்போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரியாது. ஷெல்பி அவ்வளவு தூரம் ஓடிவந்து என் மேல் மோதினாள். நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். டெஸ்ஸா உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள், அழுதுகொண்டே.

வெர்னா மட்டும் கோல் கம்பத்தடியில் நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கெல்லாம் நீளமான ஹாரன் கேட்டதும் காது மூடிக்கொண்டது. அதன் முடிவில் வால் மாதிரி குட்டியாக ஒன்று இருந்ததை அவர் ஒருவர்தான் கேட்டார்.

நடந்து பஸ்ஸுக்குப் போனார். அந்தத் தூரத்தை அவசரமில்லாமல் நடந்தார். நானும் ஷெல்பியும் பின்னாலேயே ஓடினோம். லயல் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கோழி டாஷ்போர்டில் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"கோல் போட்ட, வெர்னா," என்றார் லயல்.

"எவ்வளவு இருக்கு?"

லயல் கோழியைப் பார்த்தார். "மூணு நிமிஷம். கூடவும் இருக்கலாம்."

"ம்."

"கை தானா போச்சு. நானா அடிக்கல."

"தெரியும்."

நடுவர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். யோசித்தார். "ரூல் தெளிவா இருக்கு. நடுவர் காதுல சைரன் விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது. என் காதுல விழுந்துது. நீங்க ஜெயிச்சிட்டீங்க. நான் ஒண்ணும் பண்ணமுடியாது."

ஷெல்பி வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "விட்டுடுங்க. யாருக்கும் தெரியாது. கிரேம் பார்த்துக்கிட்டு இருக்கான். இப்ப போய் ஹாரன் தப்புன்னு சொன்னா நாம கோமாளி ஆயிடுவோம். நாய்க்குக் கொடுத்துடுவான். கப்பும் போகும், மைதானமும் போகும்."

அது உண்மைதான். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே கிரேம் துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காக முடிந்த முகம். வெர்னா வாய் திறக்காமல் இருந்தால் மட்டும் போதும், சாவி வந்துவிடும்.

வெர்னா ஷெல்பியைப் பார்த்தார். பிறகு தூரத்தில் ஒரு ஷூவோடு உட்கார்ந்திருந்த டெஸ்ஸாவைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு ஒரு நாளும் பஸ்ஸுக்கு லேட்டா வந்ததில்ல," என்றார். "நான் சீக்கிரம் ஹாரன் அடிச்சு அவள விட்டுட்டுப் போனதா இருக்கக்கூடாது."

நேராக டெஸ்ஸாவிடம் போனார். "ஷூவைப் போடு. அது நேரத்துக்கு அடிச்ச ஹாரன் இல்ல. எனக்கு அடிச்சது. இன்னும் மூணு நிமிஷம் இருக்கு."

டெஸ்ஸா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நெஜமாவா?"

"நான் என்னைக்காவது நேரத்துல பொய் சொல்லியிருக்கேனா?"

நடுவர் ரூலைப் பற்றி இன்னொரு தடவை ஆரம்பித்தார். இரண்டு கேப்டன்களும் ஒத்துக்கொண்டால் என்ன செய்வது என்று ரூலில் இல்லை என்றார். ரூலில் இல்லாததைச் செய்தால் யாரும் கைது ஆகமாட்டார்கள் என்று ஷெல்பி சொன்னாள். அவள் முகம் உப்பியிருந்தது, ஆனால் ஒத்துக்கொண்டாள். இதற்குள் ஜனங்கள் கார்களிலிருந்து இறங்கிவிட்டார்கள். கிரேமும் வந்தார்.

"என்ன வெர்னா இது?"

"லயல் சீக்கிரமா அடிச்சிட்டான். மிச்சத்தை ஆடப்போறோம்."

"முடிஞ்ச ஆட்டத்தையா?"

"முடியாத ஆட்டத்தை."

கிரேம் பஸ் ஜன்னலில் தெரிந்த லயலைப் பார்த்தார். "திரும்பவும் இவன்கிட்டயா ஹாரனை விடப்போற?"

"நான் உள்ள போகணும். பதினாலு பேர் வேணும். வேற ஆள் யார் இருக்கா?"

இப்படித்தான் கிரேம் ஹாலம், கிளப் தலைவர், பெண்கள் லீக்குக்காக முதல் வேலை செய்தார். பஸ்ஸில் ஏறி, லயலைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு, கோழியை மறுபடி மூன்று நிமிடத்துக்குத் திருகி மடியில் வைத்துக்கொண்டார்.

"கையைக் கொடு," என்றார் லயலிடம்.

"எதுக்கு?"

"கொடுடா."

அந்த மூன்று நிமிடமும் எங்கள் கிளப் தலைவர் லயல் மீபஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். கூல்பா கடைசி நிமிடத்தில் ஒரு கோல் போட்டது. என் தலைக்கு மேலேதான் போயிற்று. எட்டிப் பிடிக்கப் பார்த்தேன், எட்டவில்லை. முப்பத்தேழு, முப்பத்திரண்டு. கோழி கத்தியது. கிரேம் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார், கைதேர்ந்தவர்போல. எல்லோரும் பையைத் தேடினார்கள்.

வெர்னா பஸ் படியில் ஏறி லயலிடம் சொன்னதை நான் கேட்டேன். "இனிமே ஹாரனைத் தொடாத."

"சரி," என்றார் லயல்.

*

அடுத்த வாரம் கமிட்டி ஓட்டெடுப்பில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. கிரேம் மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு வந்து ஜன்னல் வழியாகச் சாவியை நீட்டினார்.

"சைரன் பெட்டி. லயல்கிட்ட கொடுக்காத."

"நாய்ங்க?"

"பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் ஆடட்டும். நாய்க்கு என்ன, எங்க விட்டாலும் ஒழுங்காத்தான் இருக்கும்." போகத் திரும்பியவர் நின்றார். "ஆம்பளைங்க லீக்ல நான் முப்பது வருஷம் இருக்கேன் வெர்னா. கையில வந்த கப்பைத் திருப்பிக் கொடுத்தவனை ஒருத்தனைக்கூடப் பார்த்ததில்ல. முட்டாள்தனமா இருந்துது."

"உனக்கு லேட் ஆகுது கிரேம். எனக்கும்தான்."

பெண்கள் ஆட்டங்களுக்குச் சைரன் வந்தது. வாயிலில் மாட்டிய அட்டையை வெர்னாவே கழற்றி, மறுபக்கத்தில் மீட் பை விலை எழுதிக்கொண்டார். அடுத்த பருவத்தின் முதல் ஞாயிறு ஷெல்பி முதல் கோல் போட்டபோது மைதானம் முழுக்க ஹாரன் அடித்தது. மரங்களிலிருந்த காக்கட்டூ கிளிகள் எல்லாம் ஒரே கூச்சலாகக் கிளம்பிப் போயின. நேரக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த வெர்னா கையை உதட்டில் வைத்து எதையோ கேட்பதுபோல் இருந்தார். லயலின் வண்டி மரத்தடியில் அதே இடத்தில்தான் நின்றது. அதிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை. வெர்னா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. லயலிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள்.

இப்போது ஏழு ஊர்கள் ஆடுகின்றன. ஷெல்பியின் மகளுக்குப் பன்னிரண்டு வயது தாண்டிவிட்டது. அவளுக்கு யாரும் எதையும் ஏற்பாடு செய்யவில்லை. நெட்பாலும் ஆடுகிறாள், ஃபுட்டியும் ஆடுகிறாள், இரண்டிலும் சுமார்தான்.

வெர்னா ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, பஸ்ஸின் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பண்ணை வாசல்களில் பிள்ளைகள் ஒழுங்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் ஹாரன் கேட்கவில்லை. ஒன்பது மணிவரை ஒருவர்கூட வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. வகுப்பறையில் நான் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்றபோதுதான் ஏதோ நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சவ வண்டி மைதானத்தை ஒரு சுற்று சுற்றிப் போக வேண்டும் என்று கேட்டவர் டெஸ்ஸா. சைரன் அடிக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. ஆட்டம் நடந்தால்தான் சைரன் என்றார் கிரேம். அது வெர்னாவே சொல்லியிருக்கக்கூடியது. அதனால் யாரும் எதிர்க்கவில்லை.

போன ஞாயிறு பருவத்தின் முதல் ஆட்டம். லயல் வண்டியில் வரவில்லை, பஸ்ஸை ஓட்டிவந்து பழைய இடத்தில், எல்லைக்கோட்டின் ஓரமாக நிறுத்தியிருந்தார். நான் இப்போது ஆடுவதில்லை, முழங்கால் விட்டுவிட்டது. பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தேன். டாஷ்போர்டில் அந்தக் கோழி இருந்தது. தலை நிறம் போயிருந்தது.

இரண்டாம் பகுதியில் எங்கள் பெண் ஒருத்தி தென்முனையில் கோல் போட்டாள். சுற்றி நின்ற கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. ஆஸ்பத்திரி வண்டிகூட அடித்தது. லயலின் கைகள் மடியில் இருந்தன. ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"அடிங்களேன் லயல்," என்றேன். "இப்பதான் சைரன் இருக்கே. யாரும் நிக்கமாட்டாங்க."

அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பந்தை நடுவுக்குக் கொண்டுபோனார்கள்.

"தொடாதன்னு சொல்லியிருக்கா டீச்சர்," என்றார். "மாத்திச் சொல்லல."